நேர்ந்து வளர்த்த முடி

ஆமா யக்கா, என் மவளுக்கு நல்ல முடிதான். பாக்கவுக எல்லாரும் அதத்தான் சொல்லுதாவ. பஸ் ஸ்டாண்டுல பூ வித்த பொம்பளைகூட ஜடையைத் தூக்கிப் பாத்துட்டு, "இதுக்கு ஒரு முழம் காணாது, இன்னொரு முழம் வாங்குங்க"ன்னா. அவ யாவாரத்துக்குத்தான் சொன்னா. ஆனா உள்ளதைச் சொன்னா. தொட்டுப் பாக்கணும்னா பாத்துக்கிடுங்க. சாயங்காலம் இருக்காது.

திருச்செந்தூருக்குத்தான். முடி இறக்க.

மெதுவாச் சொல்லுங்க. அவளுக்கு இன்னும் தெரியாது. கடல் பாக்கப் போறோம்னு சொல்லிக் கூட்டியாந்திருக்கேன். அது ஒண்ணும் பொய் இல்லியே, கடலும் அங்கதான கெடக்கு. வேடிக்கை பாத்துக்கிட்டு எப்படி சிரிச்சிட்டு வாரா பாருங்க. இந்த பஸ் போடுத சத்தத்துல நம்ம பேச்சு எங்க அவ காதுல விழப்போவுது.

கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்துக்கிடுதியளா? இவ கால் மடங்காது. நீட்டிக்கிட்டாத்தான் உக்கார முடியும். நல்லாருப்பிய.

பேரு செந்தில்வடிவு. வடிவுன்னு கூப்பிடுவோம். எங்க மாமியா பேரு. இந்த ஆவணிக்கு பதினேழு முடியுது. பொறந்தப்பம் அழல. அப்பமே மூளைக்குக் காத்துப் போவலன்னு சொல்லிட்டாவ. கை காலு அவ பேச்சைக் கேக்காது, ஒண்ணு சொன்னா ஒண்ணு செய்யும். தலை நிக்காது. வாயில சத்தம் வரும், பேச்சு வராது. ஆனா புத்திக்கு ஒரு குறையும் இல்ல, எல்லாம் புரியும்னு டாக்டர் சொன்னாரு. நானும் சரி சரின்னு தலையை ஆட்டிக்கிட்டேன். டாக்டர்மாரு ஒரு ஆறுதலுக்குச் சொல்லதுதான.

எனக்கு அவ பேசணும்னே கிடையாது பாத்துக்கிடுங்க. கண்ணு எங்க போவுதுன்னு பாத்தாப் போதும், பசியா, தூக்கமா, வெளிய போவணுமா, சொல்லிருவேன். பெத்தவளுக்குத் தெரியாதா? வீட்டு வாசல்ல மாவு ஆட்டி விக்கேன், கோவில்பட்டில. வாங்க வாரவுக "வடிவு, நல்லாருக்கியா"ன்னு கேட்டா, "நல்லாருக்கேன்"னு நான்தான் சொல்லுவேன். "சாப்பிட்டியா"ன்னா "சாப்பிட்டேன்"ம்பேன். ரெண்டு பேருக்கும் ஒரே வாயா நான் இருந்தேன். ஆனாலும் ஆசை விடுதா? அவ வாயால ஒரு சொல்லு கேக்கணும்னு பித்துப் பிடிச்சுப்போச்சு எனக்கு. ஊமைக் குழந்தையைப் பேச வச்ச சாமிம்பாவ முருகனை. போய் நின்னேன். என்ன கொடுக்கன்னு தெரியல. அவட்ட என்ன இருக்கு சொல்லுங்க? நடையா, கையா? முடி மட்டுந்தான் எல்லாப் பிள்ளைக்கும் வளர மாதிரி வளந்துச்சு. "முருகா, இவளுக்குப் பேச்சைக் கொடு, இவ தலைமுடி மொத்தமும் உனக்கு"ன்னு நேர்ந்துக்கிட்டேன்.

அதுக்கு முந்தி ஆம்பளைப் பிள்ளை மாதிரி ஒட்ட வெட்டி விட்டுருவேன். யாரு சீவி, யாரு பேன் பாக்க? நேர்ந்த பொறவு கத்தரிக்கோல் படப்பிடாதுல்லா. வளர விட்டுட்டேன். அவட்ட சொல்லல. எதுக்குச் சொல்லணும்? அவ பாட்டுக்கு, அம்மா நமக்கு முடி வளக்காங்கன்னு இருந்திருக்கா. நான் சாமிக்கு வளத்தேன்.

ஏளா வடிவு, என்ன இங்க பாக்க? வெளிய பாரு, உப்பளம் வருது பாரு. ஒண்ணுமில்ல யக்கா, வெயில் அடிக்குது அவளுக்கு.

கதையைக் கேளுங்க. எங்க ஊர்ல ஒரு பயிற்சி நிலையம் வந்துச்சு. அதுல பெனிட்டா மிஸ்னு ஒரு பிள்ளை. சின்ன வயசுதான், தூத்துக்குடிக்காரி. பேச முடியாதவுகளைப் படத்தை வச்சுப் பேச வைக்கதுதான் அவுக படிச்ச படிப்பாம். நான் நம்பல. போய்ப் பாத்தா, அந்தப் பிள்ளை ஒண்ணுமே செய்யல யக்கா. சும்மா உக்காந்திருக்கு. ஒரு கேள்வி கேக்கும், பொறவு சும்மா இருக்கும். "தண்ணி வேணுமா வடிவு, மோர் வேணுமா"ன்னு ரெண்டு படத்தை நீட்டும். நீட்டிக்கிட்டே இருக்கும். கை வலிக்காதா? நான் "மோரு, மோரு"ம்பேன். "உங்களைக் கேக்கலம்மா"ங்கும். செத்த நேரம் போவும். "மிஸ், அவளுக்கு மோருதான் பிடிக்கும்"பேன். "அம்மா, வாயைத் திறக்காம மனசுக்குள்ள முருகா முருகான்னு சொல்லிக்கிட்டு இருங்க"ன்னு சொல்லும். எத்தனை முருகாதான் சொல்லதுக்கு?

ஒருநாள் பொறுக்க மாட்டாம வடிவு கையைப் பிடிச்சு மோர் படத்துல வச்சிட்டேன். அந்தப் பிள்ளை எந்திரிச்சுப் போய் ஒரு டம்ளர் மோரைக் கொண்டாந்து என் கையில கொடுத்துச்சு. "நீங்கதான கேட்டிய, குடிங்க"ன்னு. எப்படி இருக்கும் எனக்கு? குடிச்சேன்.

பொறவு வடிவு, வலது கை முட்டியை இழுத்து இழுத்துக் கொண்டுபோய்த் தண்ணியில வச்சா. தண்ணியாம்! இத்தனை வருசமா டம்ளர் டம்ளரா மோர் குடிச்ச பிள்ளை. கடவாயில வழியும்தான். அது வாய் நிக்காததால வழியுதுன்னு நினைச்சேன். இப்பமும் அப்படித்தான் நினைக்கேன், மோரு உடம்புக்கு நல்லதுல்லா.

படம் போயி டேப்பு வந்துச்சு, பெரிய போன் மாதிரி. கட்டம் கட்டமாப் படம் இருக்கும். எதுல முட்டி படுதோ அதைக் குரலாச் சொல்லும். பொம்பளைக் குரல்தான், ரயில்வே ஸ்டேசன்ல அறிவிக்காவல்லா, அது மாதிரி. மொதக் காரியமா அந்தப் பிள்ளை என்ன வச்சுச்சுங்கிய? "வேண்டாம்"னு ஒரு கட்டம். மேல் வரிசையில வலது ஓரம், சிவப்புக் கலர்ல. அவ கைக்கு எட்டுததுல அதுதான் சுளுவான இடமாம். எனக்கு வந்துச்சே ஆத்திரம். "அம்மாவை அங்கன வைங்க மிஸ், சாமியை வைங்க. ஒரு பிள்ளைக்கு மொதல்ல வேண்டாம்னா சொல்லிக் கொடுப்பாவ?"ன்னு கேட்டேன். "இதைச் சொல்ல முடிஞ்சாத்தாம்மா மத்ததுக்கெல்லாம் மதிப்பு"ன்னுச்சு. படிச்ச பிள்ளைட்ட என்ன பேச? அன்னையில இருந்து எனக்கு எல்லாம் வேண்டாம்தான். சீரியல் வேண்டாம், கிரிக்கெட் வைங்கா. எங்க வம்சத்துல ஒருத்தன் பாத்ததில்ல கிரிக்கெட்டு! எண்ணெய் வேண்டாம். மோர் வேண்டாம். "வேண்டாம், வேண்டாம்"னு அந்த ஸ்டேசன்காரி வீட்டுக்குள்ள நின்னு கத்துதா.

ஒரு விசயம் ஒத்துக்கிடணும். சிரிப்பா வரும் எனக்கு. ராத்திரி படுத்துக்கிட்டு, "பாத்தியளா, என் மவ என்ட்ட சண்டை போடுதா"ன்னு அவுக அப்பாட்ட சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன்.

படத்தைத்தான் சேத்துச் சேத்துத் தட்டிப் பேசுவா, ரெண்டு படம், மூணு படம். ஒரு நாள் எங்க வீட்டு வாசல் வழியாப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போவுதுல்லா, ரிப்பன் கட்டிக்கிட்டு, அதையே பாத்துக்கிட்டு இருக்கான்னு அந்த மிஸ் எப்படியோ கண்டுபிடிச்சு, அலங்காரப் படமெல்லாம் அதுல ஏத்திக் கொடுத்தாவ. அதுக்குப் பொறவு வடிவு வேர்க்க விறுவிறுக்க ஒரு சொல்லு சொன்னா. "அம்மா. ரெட்டை ஜடை. போடு."

அம்மான்னாளே! அங்கனயே தரையில விழுந்து முருகனைக் கும்பிட்டேன். மிஸ் தன்னையக் கும்பிடுதேன்னு நினைச்சுப் பதறிப் பின்னால போயிட்டாவ. அதுவரைக்கும் வழிச்சுக் கொண்டைதான் போட்டு வச்சிருந்தேன். அன்னைக்குத்தான் வகிடெடுத்து, ரிப்பன் வச்சு, ரெட்டை ஜடை பின்னுனேன். தலை எப்பமும் ஆடுமே, பின்னி முடிக்க வரைக்கும் பிடிச்சு வச்ச மாதிரி இருந்தா யக்கா. கண்ணாடியைக் காட்டுனேன். காட்டுன கையை எடுக்க விடல.

அதுக்குப் பொறவுதான் எனக்கு உரைச்சுது. பேச்சு வந்துருச்சே. அப்பம் முடி?

வினையே அங்கதான். ஒரு வார்த்தை ஊருக்குத் தெரிஞ்சிட்டுன்னா அம்புட்டுதான். மாவு வாங்க வாரவுகல்லாம், "வடிவுக்குப் பேச்சு வந்துருச்சாமே, எப்பம் முடி இறக்குதிய?"ன்னு கேக்காவ. எனக்கும் மனசு வரல. அவ்வளவு முடியை எப்படிக் கொடுக்க? ஒரு யோசனை வந்துச்சு. டேப்புல்லா பேசுது, இவ வாய் பேசலியே, அப்பம் இது பேச்சுக் கணக்குல வராதுன்னு. நேரா மிஸ்ட்ட போனேன். நேர்ச்சையைப் பத்தி மூச்சு விடல. "ஏன் மிஸ், இது நெசமான பேச்சு இல்லல்லா? சும்மா படந்தான?"ன்னு கேட்டேன். இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா முருகன்ட்ட போய் நின்னு நியாயம் பேசிருப்பேன். அந்தப் பிள்ளைக்கு மூஞ்சி செவந்துபோச்சு. "யாரும்மா அப்படிச் சொன்னது? இது பேச்சுதான். நம்ம வாயால பேசுததுக்கு எந்த விதத்துலயும் கொறஞ்சது இல்ல. இதுதான் வடிவோட வாய். இதை அவட்ட இருந்து எடுத்து ஒளிச்சு வைக்கப்பிடாது, மேல தூக்கி வைக்கப்பிடாது. உங்க வாயை யாராவது கழட்டி வச்சா விடுவியளா?"ன்னு ஒரு பிரசங்கமே வச்சிட்டாவ.

முடிஞ்சுபோச்சு. அவுக வாயாலயே பேச்சுன்னு சொல்லிட்டாவ. நேர்ச்சைக் கடன் என் தலையில விழுந்துருச்சு.

டேப்பா? பையில இருக்கு, மேல, அந்தக் கம்பில. பஸ்ல தூசி பாருங்க. கெட்டுப்போச்சுன்னா?

சரி, வடிவுட்ட சொல்லித்தான ஆவணும். பக்கத்துல உக்காந்து, தலையைத் தடவி, முருகன் உனக்குப் பேச்சுக் கொடுத்தாரும்மா, நாம பதிலுக்குக் கொடுக்கணும்லான்னு பதமாத்தான் ஆரம்பிச்சேன். முழுசாச் சொல்லி முடிக்கல. டேப்பு கத்துது. "வேண்டாம். என் முடி. வேண்டாம். என் முடி." உன் முடிதாண்டி, யாரு இல்லங்கா? நேர்ந்தது நேர்ந்தாச்சுல்லான்னேன். கொஞ்ச நேரம் கட்டத்தையே பாத்தா. பொறவு ஒவ்வொண்ணா இழுத்து இழுத்துத் தட்டுதா. "அம்மா. முடி. கொடு."

வாயைப் பாத்தியளா? என்னை மொட்டை போடச் சொல்லுதா! எனக்குக் கோவமும் வருது, சிரிப்பும் வருது. போட்டுக்கிடுவேன் யக்கா, எனக்கென்ன, என்ட்ட இருக்கது எலி வாலு. ஆனா நாலு பேரு வந்து போற இடத்துல நான் எப்படி? அதும்போக, இவ முடியைத் தாரேன்னு சொல்லிட்டு என் முடியைக் கொண்டு நீட்டுனா சாமி வாங்கிக்கிடுமா? பதினஞ்சு கிலோ நல்ல அரிசி தாரேன்னு சொல்லிட்டு ஒருத்தி புழுத்த அரிசியைக் கொண்டாந்தா நான் வாங்குவனா?

அவ போய் மிஸ்ட்ட சொல்லிட்டா. சொல்லத்தான் கத்துக்கிட்டாளே. மிஸ் வீட்டுக்கே வந்துட்டாவ. எங்கள்லயும் மொட்டை உண்டும்மா, எங்க அண்ணன் பிள்ளைக்கு வேளாங்கண்ணில போட்டோம், நான் நேர்ச்சையைக் குறை சொல்ல வரலன்னு தன்மையாத்தான் பேசுனாவ. "பூமுடி கொடுக்கலாமே, ஓரத்துல கொஞ்சமா எடுத்து"ன்னாவ. சாமிட்ட பேரம் பேசவான்னு கேட்டேன். அப்பம் அந்தப் பிள்ளை என்னையே பாத்துக்கிட்டு, "அம்மா, ரெட்டை ஜடை போடுன்னு அவ சொன்னது பேச்சுன்னா, வேண்டாம்னு சொல்லுததும் பேச்சுதான?"ன்னுச்சு.

நீங்க சொல்லுங்க யக்கா. உங்களுக்கு வயசு இருக்கு, நாலும் பாத்திருப்பிய. என்ன பதில் சொல்ல?

சரி, இப்பம் வேண்டாம், பாப்போம்னு விட்டுட்டேன். வடிவுட்டயும் "சரிளா, போவல, போதுமா?"ன்னேன். அவ சிரிச்ச சிரிப்பு இருக்கே. ஆனா ஆடி மாசம் வந்துச்சு பாருங்க காய்ச்சல். வலிப்பு வந்து, கண்ணு மேல சொருகி, ஆஸ்பத்திரியில கெடந்து எந்திரிச்சும் கை பேச்சு கேக்கல. டேப்பை வச்சா முட்டி தூக்க முடியாமக் கெடந்தா. அப்படியே கெடந்தா யக்கா, வீடு பழையபடி சத்தமில்லாமப் போச்சு. நான் மறுபடியும் அவளுக்கும் சேத்து பேச ஆரம்பிச்சேன். "நல்லாருக்கேன், சாப்பிட்டேன்"னு. எனக்கு என் சத்தத்தைக் கேக்கவே பயமா இருந்துச்சு. அவுக அப்பாவும் ஒரே சொல்லு, "சாமிக்குள்ளத வச்சுக்கிட்டா இப்படித்தான்". கொடுத்தவன் திருப்பி எடுக்க எவ்வளவு நேரம் ஆவும்? அவன் காலைப் பிடிச்சு, ஆவணியில வந்துருதேன், விட்டுருன்னு அழுதேன். கை திரும்பிச்சு. மாத்திரைல திரும்பிச்சுன்னு டாக்டர் சொல்லுதாரு. அவரு ஆறுதலுக்குச் சொல்லுவாரு.

அவளுக்குப் பேச்சைக் கொடுன்னு நான்தான் கேட்டேன். இப்பம் அவ பேச்சை நான் கேட்டா, பேச்சு போயிருமோன்னு பயம். கேக்காட்டா, எதுக்கு அந்தப் பேச்சு? என்னால ஒண்ணும் முடியல யக்கா. தாய்னா எல்லாம் தெரியும்பாவ. எனக்கு ஒண்ணும் தெரியல.

காலையில நானே பின்னி விட்டேன். கடைசித் தடவைல்லா. கனகாம்பரம் வச்சு, புது ரிப்பன் வாங்கி. கடல் பாக்கப் போறோம்னதும் கண்ணாடியைப் பாத்துப் பாத்துச் சிரிச்சா. கடலுக்குப் போறதுக்கு அலங்காரம்னு நினைச்சுக்கிட்டா போல.

என்ன வடிவு? ஏன் சத்தம் போடுத? ஆத்தூர் தாண்டிட்டோம், இன்னும் கொஞ்ச தூரந்தான். பசிக்குது அவளுக்கு. இந்தா, பழம். வாயைத் திற. திறளா. பாருங்க, பல்லைக் கிட்டிச்சுக்கிட்டா.

இல்ல யக்கா, பையை ஒண்ணும் பாக்கல. அவ கண்ணு அப்படித்தான், மேல போவும். எனக்குத் தெரியாதா அவ கண்ணு? நம்ம பேசுனதெல்லாம் எங்க கேட்டிருக்கப் போவுது. காது நல்லாத்தான் கேக்கும், இருந்தாலும் இவ்வளவு சத்தத்துல எப்படி.

கோவிச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி, உங்க சீட்டு முதுகுல பிள்ளை தட்டிட்டா. வேணும்னு தட்டல. கை அப்படி, அவ சொன்னதைக் கேக்காது. ஏளா, நிறுத்து. அண்ணாச்சி பாக்காருல்லா. கையை மடியில வை. வை சொல்லுதேன்.

திரும்பவும் அங்கனயே போவுது பாருங்க. எத்தனை தடவை எடுத்து எடுத்து வச்சாலும் அந்த மூலைக்கே போயி அடிக்கா. மேல, வலது ஓரம். அந்தத் தகரத்துல என்ன இருக்கு? பஸ் குலுக்கல்தான். குலுக்கல்தான் யக்கா.

நீங்க ஏன் எந்திரிக்கிய? இல்ல, உக்காருங்க. அந்தப் பையைத் தொடாதீங்க. யக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும், தொடாதீங்க. அது மட்டும் இப்பம் அவ மடிக்கு வந்துச்சுன்னா என்னால கோயில் வாசல்ல கால் வைக்க முடியாது. அழாத வடிவு. ஜடை கலையுது, அழாத.

முடி மட்டும் இறங்கட்டும். தலையில சந்தனத்தைப் பூசி, கும்பிட்டுட்டு வெளிய வந்ததும் நானே எடுத்து அவ மடியில வைக்கேன். பொறவு அவ என்ன வேணா பேசட்டும். நாள் பூரா பேசட்டும். யாரு வேண்டாங்கா?